கனடாவின் மாகாணப் பரிந்துரையா, ஆஸ்திரேலியாவின் 491 விசாவா?

கப்பலூர் தொழிற்பேட்டையில் பொறியாளராக இருக்கும் எங்கள் மாப்பிள்ளைக்கு வயது 38. இரண்டில் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அவர் கேட்டபோது, எங்கே அதிகப் புள்ளி கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்த்தோம். கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி அடிப்படையிலான தேர்வுமுறை வழியாக ஒரு மாகாணம் பரிந்துரைத்தால் 600 புள்ளிகள் கூடுகின்றன; ஆஸ்திரேலிய மாநிலம் பரிந்துரைத்தால் 491-க்குக் கிடைப்பது 15 மட்டுமே. ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் அந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது.

குடும்பத்தோடு போகிறவர் பார்க்க வேண்டியது, நிரந்தர வசிப்புரிமை எப்போது கைக்கு வருகிறது என்பதை. கனடாவில் அந்த உரிமையோடுதான் போய் இறங்குகிறோம். 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா. பிராந்தியப் பகுதியில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, வேலை செய்து, வரி மதிப்பீட்டு ஆணைகளைக் காட்டிய பிறகே 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிராந்தியம் என்றவுடன் பொட்டல்காடு என்று பயப்பட வேண்டியதில்லை, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக அடிலெய்டும் பெர்த்தும்கூட அதில் அடங்கும்.

இந்த வகையில் கனடாவே மேல். ஆனால் அங்கே வாசல் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. மாகாணப் பரிந்துரைக்கான சேர்க்கை இலக்கு 2024-இல் 1,10,000. 2025-இல் அதைப் பாதியாக, 55,000 ஆகக் குறைத்தார்கள். மனிடோபா போன்ற மாகாணம் அங்கே உறவோ முன்தொடர்போ உள்ளவரையே எதிர்பார்க்கிறது. மாப்பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஒரு மாகாணத்தில் வாழ்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கியதும் டொராண்டோவுக்குக் கிளம்பும் எண்ணத்தோடு விண்ணப்பிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியாவில் வயது நெருக்குகிறது. 33 முதல் 39 வரை 25 புள்ளிகள், 40 ஆகிவிட்டால் 15, 45 ஆகிவிட்டால் அழைப்பே கிடையாது. காகித வேலையும் அங்கேதான் அதிகம். கனடாவுக்கு, நம் பட்டம் அங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்ற சான்று போதும். ஆஸ்திரேலியாவுக்கோ அவரைப் போன்ற பொறியாளர்கள் பலர் தாங்கள் செய்த வேலையை மூன்று கேரியர் எபிசோடுகளாகத் தாங்களே எழுதித் தர வேண்டியிருக்கிறது. பணி அனுபவச் சான்று இரண்டுக்குமே தேவை. அவர் முன்பு வேலை பார்த்த நிறுவனம், “இன்னார் எங்களிடம் பணியாற்றினார்” என்று இரண்டே வரியில் கொடுத்தது. பொறுப்புகளை விவரித்து லெட்டர்ஹெட்டில் வாங்க நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது.

கனடாவில் சொந்தமோ முன்தொடர்போ உள்ளவர் அதையே முதலில் முயலட்டும். மாப்பிள்ளைக்கு நான் சொன்னது 491. இரண்டாவது எபிசோடை எழுதிக்கொண்டிருக்கிறார். 40 ஆவதற்குள் அழைப்பு வர வேண்டும்.