மெத்தா, ஊமத்தையா? அக்குளைத் தொட்டுப் பாருங்கள்

இரவில் ஓர் இளைஞரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். திமிறுகிறார், உளறுகிறார், கண்மணி விரிந்திருக்கிறது, நாடி 140, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மெத்தாம்பெட்டமைன் (சுருக்கமாக மெத்) என்ற போதைப்பொருளா, ஊமத்தை விதையா? மானிட்டரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

கையுறையோடு அக்குளில் விரல் வையுங்கள். மெத் என்றால் சொதசொதவென்று வியர்வை. (நீர்ச்சத்து வற்றிப்போனால் அவருக்கும் காய்ந்திருக்கலாம்.) ஊமத்தை என்றால் உலர்ந்த தோல், ஒட்டிக்கொள்ளும் நாக்கு, சிறுநீர் முட்டி உப்பிய அடிவயிறு. இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். ஸ்டெத் வைத்தால் குடல் சத்தம் அடங்கியிருக்கும்.

சிகிச்சையின் தொடக்கம் ஒன்றே: லோராசெபாம் அல்லது மிடசோலம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து, கூடவே உடலைக் குளிர்விப்பது. சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாராசிட்டமால் வேலைக்காகாது, ஐஸ் தண்ணீர்தான். மருந்து தராமல் கட்டிப்போடுவதுதான் மோசம்: திமிறத் திமிறச் சூடு ஏறும், தசை சிதைந்து சிறுநீரகம் அடிவாங்கும்.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. மெத்தில் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அமைதிப்படுத்தும் மருந்திலேயே இறங்கிவிடும். அவசரப்பட்டு புரோப்ரனலால் (ரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறைக்கும் மருந்து) போட வேண்டாம். ஊமத்தைக்குச் சிறுநீர்க் குழாய், கிடைத்தால் ஃபைசோஸ்டிக்மின் என்ற மாற்று மருந்து. போதைப்பொருள் பரிசோதனை முடிவுக்காக எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். ரத்தச் சர்க்கரையை மட்டும் உடனே பாருங்கள்.