லாக்டேஸ் மாத்திரை: முதல் வாயோடு மென்றால்தான் பலன்

பால் குடித்தால் வயிறு உப்பி, இரைச்சல் போட்டுப் பாடாய்ப்படுத்தும் ஆட்களில் நானும் ஒருவன். மூச்சுப் பரிசோதனையில் பால் சர்க்கரையான லாக்டோஸ் எனக்குச் செரிப்பதில்லை என்று உறுதியான பிறகு, மென்று விழுங்கும் இந்த லாக்டேஸ் மாத்திரைக்கு வந்தேன். ஒன்றில் 9000 எஃப்சிசி யூனிட், அதாவது நொதியின் செயல்திறனை அளக்கும் அலகு. நன்றாகவே கேட்கிறது. ஆனால் எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் உண்டு. குளுக்கோஸும் கேலக்டோஸும் பிணைந்த சர்க்கரை அது. பிணைப்பை அறுத்தால்தான் குடல் அதை உறிஞ்சும். அறுக்கிற வேலை சிறுகுடல் சுவரில் இருக்கும் லாக்டேஸ் நொதியுடையது. குழந்தைப் பருவம் தாண்டியதும் உலகில் பெரும்பாலானவர்களுக்கு இது குறைந்துவிடுகிறது. அறுபடாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும். மூச்சில் அளந்தார்களே, அது அங்கே உண்டான ஹைட்ரஜன்தான்.

மாத்திரையில் வரும் நொதி குடல் சுவரில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. பாலோடு கலந்து, போகிற வழியிலேயே வேலையை முடிக்க வேண்டும். அதனால் முதல் வாயோடு மெல்லுங்கள். வயிறு இரையத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, பால் அதற்குள் கடந்து போயிருக்கும். கொதிக்கிற பாலில் கரைக்கவும் வேண்டாம், சூட்டில் நொதி உருக்குலைந்துவிடும்.

இதற்கு முன் வேறொரு கம்பெனியின் கலவை கேப்ஸ்யூல் வாங்கினேன். அமைலேஸ், லிபேஸ், புரோட்டியேஸ், லாக்டேஸ் என்று வரிசையாகப் பெயர்கள், எல்லாம் மில்லிகிராமில். நொதியின் எடையை வைத்து நான் என்ன செய்ய? எவ்வளவு லாக்டோஸைப் பிரிக்கும் என்பதை யூனிட்தானே சொல்லும்! மாவுச்சத்தைப் பிரிக்கும் அமைலேஸ் லாக்டோஸைத் தொடவே தொடாது. அதுவும் என் எச்சிலிலும் கணையத்திலும் தாராளமாகச் சுரக்கிறது. காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? எனக்கு அந்த கேப்ஸ்யூலால் துளி வித்தியாசமும் தெரியவில்லை.

குறை என்றால், இந்த மாத்திரையின் வெனிலா தித்திப்பு கொஞ்சம் அதிகம். மெல்லும்போது மாவு மாவாக நாக்கில் ஒட்டுகிறது. சரி, அது பெரிய விஷயமில்லை.

பால் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் இதை நம்பிப் பாலைத் தொட வேண்டாம். அவர்களுக்கு ஆகாதது கேசீன் போன்ற புரதங்கள். லாக்டேஸ் அவற்றை ஒன்றும் செய்யாது.