நுண்கணிதத்துக்குள் நுழைய ஒரு நல்ல வாசல்: ‘கால்குலஸ் மேட் ஈஸி’

கல்லூரி முதலாண்டில் நுண்கணிதத்தைக் கண்டு மிரளும் மாணவர்களுக்கு, சில்வானஸ் தாம்ப்சன் எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈஸி’ என்ற ஆங்கில நூலையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன். 1910இல் லண்டன் மேக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட இந்நூலின் முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராகவும் இயற்பியலாளராகவும் விளங்கிய தாம்ப்சன், பொறியியல் மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர் என்பது நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகளில் தொடங்கி, வெகுதூரம் சென்ற பிறகே வகைக்கெழுவுக்கு, அதாவது ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்த இன்னோர் அளவு மாறும் வீதத்துக்கு, வருகின்றன. தாம்ப்சனோ மிகச் சிறிய முதல் அத்தியாயத்திலேயே வகையிடல் குறியான d-க்கு ‘ஒன்றன் சிறு துணுக்கு’ என்றும், தொகையிடல் குறியான ∫-க்கு ‘அத்துணுக்குகளின் கூட்டுத்தொகை’ என்றும் பொருள் சொல்லிவிடுகிறார். அடுத்து, சிறியவற்றிலும் படிநிலைகள் உண்டு என்பதை ஒரு சதுரத்தின் படத்தைக் கொண்டு விளக்குகிறார். அந்தப் படத்தில் எண்களைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரத்தின் பக்கத்தை 0.1 செ.மீ. கூட்டினால், பரப்பு 100இலிருந்து 102.01 ஆகிறது, இதில் இரு ஓரப் பட்டைகளின் பங்கு 2, மூலையில் உள்ள குட்டிச் சதுரத்தின் பங்கு வெறும் 0.01. பக்கத்தை 0.01 மட்டும் கூட்டினால் பட்டைகள் 0.2 ஆகவும், மூலை 0.0001 ஆகவும் சுருங்குகின்றன. மூலையை ஏன் விட்டுவிடலாம், x² என்ற வர்க்கத்தின் வகைக்கெழுவான 2x-இல் உள்ள 2 எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஒருசேர விடை கிடைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கூட்டு வட்டி பற்றிய அத்தியாயம். நூறு பவுனை ஆண்டுக்குப் பத்து சதவீதத்தில் பத்தாண்டுகள் போட்டால், தனி வட்டியில் அது 200 ஆகும். ஆண்டுதோறும் வட்டியை முதலோடு சேர்த்தால் ஏறக்குறைய 259.37 ஆகும், கணந்தோறும் சேர்த்துக்கொண்டே போனாலும் 271.83ஐத் தாண்டாது. மனப்பாடம் செய்யும் எண்ணாகவே பலருக்கும் அறிமுகமாகும் 2.718 (e என்ற மாறிலி), இங்கே வட்டிக் கணக்கிலிருந்து தானாக முளைத்து வருகிறது.

குறைகளும் உண்டு. எல்லை என்ற கருத்தை முறையாக நிறுவாமலே நூல் நகர்வதால், கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இது மட்டும் போதாது. தேற்றங்களை நிறுவச் சொல்லும் தேர்வுக்கு வேறு பாடநூல் வேண்டும். ஷில்லிங், பென்ஸ் போன்ற பழைய அளவுகளும் இன்றைய வாசகருக்குச் சற்று இடறும். கணித எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் திருத்தி 1998இல் வெளிவந்த பதிப்பில் சார்பு, எல்லை, வகைக்கெழு பற்றிய மூன்று அறிமுக அத்தியாயங்கள் சேர்க்கப்பட்டிருப்பதால், தனியாகப் படிப்பவர்கள் அதை வாங்கலாம். பழைய மூலப் பதிப்பு குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பதிப்பை எடுத்தாலும், பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட்டுவிட்டு, பின்பக்கத்திலுள்ள விடைகளோடு ஒப்பிட்டுக்கொண்டே செல்லுங்கள்.