புதிய மரவேலை ரூட்டரை வாங்கிய அன்றே சோதியுங்கள்: பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் நான் பட்ட பாடு

பிளஞ்ச் வகை ரூட்டர் (சுழலும் வெட்டலகை மேலிருந்து மரத்துக்குள் இறக்கி வெட்டும் மின்கருவி) ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் குறையைக் கண்டுபிடிப்பதற்குள் திருப்பித் தருவதற்கான கெடுவைத் தவறவிட்டு, விற்ற கடைக்கும் பழுதுபார்க்கும் மையத்துக்கும் இடையே அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடப்போவதில்லை. எந்தப் பெயர் பொறித்த இயந்திரத்திலும் இப்படிப்பட்ட குறை வரக்கூடும்.

முதல் அறிகுறி காடியில், அதாவது ரூட்டர் மரத்தில் வெட்டும் நீள்பள்ளத்தில், தெரிந்தது. 12 மி.மீ. நேர் பிட்டால் (வெட்டலகால்) எடுத்த காடியை வெர்னியரால் அளந்தால் 12.3 மி.மீ. காட்டியது, அதன் பக்கச் சுவர்களில் சீப்புப் பல் போல வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. கை நடுங்குகிறது, தள்ளும் வேகம் சீராக இல்லை என்று என்னையே நொந்துகொண்டு, இரண்டு வாரம் கழிவுப் பலகைகளில் பழகிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் பிட்டைக் கழற்றித் துடைத்தபோதுதான் உண்மை புலப்பட்டது: அதன் இரண்டு வெட்டுமுனைகளில் ஒன்று பிசின் படிந்து கறுத்திருக்க, மற்றொன்று பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் பளபளத்தது. பிட் தன் மையத்தில் சுழலாமல் ஒருபக்கமாக விலகிச் சுழலும்போது, வெளியே தள்ளி நிற்கும் முனை மட்டுமே மரத்தை வெட்டுகிறது. மற்றது வேலையின்றிச் சுற்றிவருகிறது.

கடைக்காரர் பிட்டின் தரத்தைக் குறை சொன்னார். வேறு பிட்டிலும் அதே அளவு வந்ததைக் காட்டியபோது, கை பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். பழுதுபார்க்கும் மையம் இயந்திரத்தைப் பத்து நாள் வைத்திருந்து, கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றி, "நன்றாக உள்ளது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தது. மரத்தில் வைக்காமல் வெறுமனே ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மி.மீ. வரை ஆட்டம் அனுமதிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

ஆகவே, வாங்கிய அன்றே, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். முதலில் காலெட்டை, அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுள்ள குழலை, கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடைய காலெட்டின் வாயில், ஒரு பிளவின் ஓரத்தில், நகத்தால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் அளவுக்குச் சிறு பிசிறு இருந்தது. பிட்டின் தண்டிலும் நேராக அந்த இடத்தில் கீறல் விழுந்திருந்தது. அடுத்து, நேரானது என்று உறுதியாகத் தெரிந்த உருளைத் தண்டு ஒன்றைக் காலெட்டில் இறுக்கி, டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) முனையை அதன் மேல் வைத்து, சுழல்தண்டை, அதாவது காலெட் பூட்டியிருக்கும் மோட்டார் அச்சை, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். காலெட்டின் வாயருகே முள் 0.05 மி.மீ. அளவுக்குள் நின்றால் கவலையில்லை; என்னுடையதில் 0.3 ஓடியது. பிறகு காலெட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பிப் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும். உச்சம் காலெட்டோடு இடம் மாறினால் குறை காலெட்டில் இருக்கிறது. சுழல்தண்டில் அதே இடத்திலேயே நின்றால் குறை சுழல்தண்டிலோ பேரிங்கிலோ இருக்கிறது, அப்போது இயந்திரத்தையே மாற்றித் தரக் கேளுங்கள். 6 மி.மீ. தண்டுள்ள பிட்டைக் கால் அங்குல, அதாவது 6.35 மி.மீ., காலெட்டில் போட்டு இதைச் செய்யாதீர்கள். அளவு தவறுவது ஒருபுறமிருக்க, அப்படிப் பூட்டிய பிட் ஓடும்போது நழுவி வெளியே வரக்கூடும்.

அடிப்பலகை (ரூட்டர் மரத்தின் மேல் ஊன்றி நகரும் தட்டு) சுழல்தண்டுக்குச் செங்குத்தாக உள்ளதா என்பதை அறிய, எல் வடிவில் வளைத்த கம்பியைக் காலெட்டில் பூட்டி, அதன் நுனி அடிப்பலகையை உரசும்படி வைத்துச் சுற்றினால் போதும். ஓரிடத்தில் அழுத்தி எதிர்ப்புறம் இடைவெளி விட்டால் பலகை சாய்ந்திருக்கிறது. வட்ட அடிப்பலகையின் மையத்தில் பிட் நிற்கிறதா என்பதை மட்டும், பிளக்கை மாட்டி, மரத்தில் வெட்டிப் பார்க்கலாம். மரத்தின் மேல் வழிகாட்டியாகப் பொருத்திய நேர்க்கட்டையில் அடிப்பலகையின் ஓரத்தை அணைத்து ஒரு காடி எடுத்து, ரூட்டரை 180 பாகை திருப்பிப் பிடித்து அதே கட்டையில் மறுபடி ஓட்டுங்கள். காடி எவ்வளவு அகலமாகிறதோ, அதில் பாதியளவு மையம் விலகியிருக்கிறது. இந்த அளவுகளை எல்லாம் கேஜின் முள் தெரியும்படி காணொளியாக எடுத்துக் கடைக்கு அனுப்பியிருந்தால், என்னிடம் பழக்கத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் என் செலவில் வேறு காலெட் வாங்கினேன். ஆட்டம் 0.04 மி.மீ. ஆகக் குறைந்தது, காடிச் சுவரும் வரியில்லாமல் வருகிறது. அடிப்பலகையின் மையம் இன்னும் 0.6 மி.மீ. விலகியே இருக்கிறது, திருகுத் துளைகளில் நகர்த்த இடமில்லை. அதனால் பலகையின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோடு நேர்க்கட்டையைப் பார்க்கும்படி வைத்தே இப்போது வேலை செய்கிறேன்.