கேமரா பிளாஷுக்கு எந்த பேட்டரி?

நான்கு ஏஏ பேட்டரி போடும் பிளாஷுக்கு ரீசார்ஜபிளா, ஆல்கலைனா? ஆல்கலைனில் 1.5 வோல்ட் என்றும், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிளில் 1.2 வோல்ட் என்றும் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் ஆல்கலைன்தான் வேகமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

ஒருமுறை மின்னியதும் பிளாஷ் தன் கெபாசிட்டரை, அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகத்தை, மறுபடி நிரப்ப வேண்டும். அதற்குப் பேட்டரியிலிருந்து ஒரே மூச்சில் பல ஆம்பியர் இழுக்கிறது. ஆல்கலைனின் உள்மின்தடை அதிகம் என்பதால் அந்த இழுப்பில் வோல்ட் சரிகிறது. பேட்டரி தீரத் தீரத் தடையும் கூடுகிறது. அடுத்த படத்துக்குத் தயார் என்று காட்ட, தொடக்கத்தில் சட்டென்று எரிந்த ரெடி விளக்கு, போகப்போக நம்மைக் காக்க வைக்கும். நல்ல முகபாவம் அதற்குள் போய்விடும். ரீசார்ஜபிளோ கிட்டத்தட்ட தீரும்வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அடிக்கடி பிளாஷ் போடுபவர்களுக்கு இதுதான் சரி என்பேன்.

ரீசார்ஜபிளில் சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கிவிடும் என்ற பழைய புகார் ஒரு காலத்தில் நியாயமானது. 2005-இல் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற ரீசார்ஜபிளைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. இந்த வகை ஒரு வருடம் பெட்டியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜை வைத்திருக்கும். வாங்கும்போது 2500 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்ற பெரிய எண்ணுக்கு மயங்க வேண்டாம். 2000 அளவிலானவை பொதுவாகக் கூடுதல் முறை சார்ஜ் ஏற்கும்.

ஆல்கலைனில் எனக்கு நிஜமான பயம் கசிவுதான். மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து உலோகத் தொடுமுனைகளை அரித்துவிடலாம். பிளாஷை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

அவசரத்துக்குப் பையில் வைக்க, ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ நல்லது. எடை சுமார் 15 கிராம்தான், கடுங்குளிரிலும் வேலை செய்யும், பல வருடங்கள் கெடாது. ஆனால் தொடர்ந்து மின்னும்போது சூடாகும் என்பதால் சில பிளாஷ்களுக்கு இது ஆகாது. கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், ரீசார்ஜபிள் வாங்கினால் நான்கையும் ஒரே செட்டாக எண் எழுதி வையுங்கள். பழையதும் புதியதும் கலந்தால், முதலில் தீரும் செல்லின் பிளஸ், மைனஸை மற்ற மூன்றும் தலைகீழாக்கி அதைக் கெடுத்துவிடும். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பதாக இருக்கட்டும்.