பற்றரி கேட்காத பேட்மேன்: 1986 முதல் இன்றுவரை

1986ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வந்த மாமா தந்த பேட்மேன் பொம்மை இன்றும் யாழ்ப்பாணத்தில் என் மேசையில் நிற்கிறது. கென்னர் நிறுவனம் 1984இல் தொடங்கிய 'சூப்பர் பவர்ஸ்' வரிசையைச் சேர்ந்த அதற்குச் சாம்பல் நிற உடலும் நீலத் துணி மேலங்கியும் உண்டு.

இதன் வித்தை உடலுக்குள்ளேயே இருக்கிறது. இரு கால்களையும் விரல்களால் சேர்த்து நெரித்தால் கைகள் குத்துவிடும். அதே வரிசையின் ஃப்ளாஷுக்கு முறை தலைகீழ்: கைகளை அழுத்தினால் கால்கள் ஓடும். இந்த எளிமையின் அருமை 1990இல்தான் எனக்குத் தெரிந்தது. போர் மீண்டும் தொடங்கி மின்சாரம் நின்று, பற்றரியும் அரசின் தடைப் பட்டியலில் சேர்ந்தபோது, பெரியம்மா மகனின் ரிமோட் கார் கையால் தள்ளும் காராயிற்று. என் பேட்மேனோ ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் முன்போலவே குத்திக்கொண்டிருந்தார். சுவரில் விழுந்த நிழல் அவரைவிடப் பெரிதாகக் குத்தியது.

கயிறும் கொக்கியும் இல்லாத பேட்மேனை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மாவின் கொண்டை ஊசியை வளைத்து, பட்ட நூலில் கட்டி, இடுப்பில் சுற்றிவிட்டேன். கிணற்றுக் கப்பியிலிருந்து அவர் பலமுறை இறங்கியிருக்கிறார். இருமுறை விழுந்தும் இருக்கிறார்.

மேலங்கியின் நிலைதான் பரிதாபம். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் வீட்டுத் துணிகளோடு அதையும் பனம்பழக் களியில் தோய்த்துக் கொடியில் போட்டேன். அந்த வாசத்துக்கு வந்த கன்றுக்குட்டி ஓர் ஓரத்தைச் சப்பித் தின்றுவிட்டது. அந்தக் கடிவாயும் மங்கிய மஞ்சள் கறையும் இன்றும் இருக்கின்றன.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் என் காற்சட்டைப் பையில் இருந்தார். அவ்வளவு சிறிய உருவமாக இல்லாவிட்டால் விட்டுவிட்டே போயிருப்பேன்.

இப்போது காதுகளின் நிறம் தேய்ந்துவிட்டது. இடக்கை சற்றுப் பிந்தியே எழும்புகிறது. முற்றத்து மணலில் அவரைப் புதைத்து விளையாடிய நான்தான் அதற்குப் பொறுப்பு. இன்றைய உருவங்களுக்கு மூட்டுகள் அதிகம், முகமும் அச்சொட்டாக இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றை நிறுத்தி வைத்துப் பார்க்கத்தான் முடிகிறது. பழையதை வாங்க விரும்புவோர் நிறத்தைப் பாராமல் முதலில் காலை நெரித்துப் பாருங்கள். மேலங்கி இருக்கிறதா என்று பிறகு கேட்கலாம்.