செங்காந்தளுக்கு ஏற்ற தாள்: ஆர்ச்சஸ் ஹாட் பிரஸ் 300 ஜிஎஸ்எம்

தாவர ஓவியத்தில் இலையின் அடியில் இருக்கும் முடிகூடத் தகவல்தான். அது உண்டா இல்லையா என்று பார்த்தே இனம் பிரிக்கும் செடிகள் பல. சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளில் அத்தனை மெல்லிய கோடு மேடுபள்ளத்தில் ஏறியிறங்கி உடைந்துபோகும். வழவழப்பான ஹாட் பிரஸ்தான் சரி. அதில் ஆர்ச்சஸ் நிறுவனத்தின் நீர்வண்ணத் தாளை நம்பி வாங்கலாம். முழுப் பருத்தி, ஜெலட்டின் பசை ஊட்டியது. முழுத்தாள் 56×76 செ.மீ.; கால் தாளிலேயே ஒரு கிளையும் பூவும் இயல்பளவில் அடங்கும்.

செங்காந்தளை வரைந்து பார்த்தால் தாளின் குணம் தெரிந்துவிடும். ஆறு இதழ்களும் நெளிந்த விளிம்போடு பின்னோக்கி வளைந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கும். அழகாக இருக்கட்டும் என்று அதை நிமிர்த்திவிட்டால் அது செங்காந்தளே இல்லை. இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாவதும் படத்தில் வரவேண்டும். கிழங்கோடு பிடுங்க வேண்டாம், ஒரே ஒரு பூ போதும். செடி முழுக்க கொல்கிசின் என்ற நஞ்சு. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு நிச்சயம் கூடாது.

அளந்து வரைவதெல்லாம் வேறு தாளில் முடியட்டும். இதில் நேரடியாகப் போட்டு அழித்தால் மேற்பரப்பு பிசிறும், அந்த இடத்தில் வண்ணம் கருந்திட்டாகத் தங்கும். முடிந்த கோட்டை விளக்குப் பலகையில் வைத்து, எச் பென்சிலால் அழுத்தாமல் படியெடுங்கள். முதலில் நீர்த்த மஞ்சள். அது முழுக்கக் காய்ந்தபின் சிவப்பு. தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைத்து, நுண்கோடுகளாக அடுக்க வேண்டும். ஐந்தாறு அடுக்கு ஏற்றினாலும் அடிவண்ணம் கலங்காது; இந்தத் தாளுக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். குயினாக்ரிடோன் சிவப்பு நிற்கும்.

குறை என்றால் தாளின் நிறம். நேச்சுரல் ஒயிட் லேசாகப் பழுப்போடும். தும்பை, மல்லிகை போன்ற வெள்ளைப் பூக்களுக்கு பிரைட் ஒயிட் வாங்குங்கள்.

எந்த நல்ல தாளுக்கும் மழைக்கால ஈரம்தான் எதிரி. பசை செத்தால் தாள் மையொற்றி போல உறிஞ்சும், உலர்தூரிகைக் கோடு பரவிவிடும். பாலித்தீன் உறையில் மூடி, தட்டையாக வையுங்கள். தொடங்குமுன் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் அந்தத் தாள் இனி பென்சில் வேலைக்குத்தான்.